விறகுக்கு விலை இல்லாத மலையில் விலைக் கோட்பாடு

புதைபடிவ எரிபொருள்களுக்கு அரசு தரும் மானியத்தை நீக்கினால் கருவூலமும் தப்பும், காற்றும் தூய்மையாகும் என்பது இன்றைய எரிசக்திப் பொருளியலில் ஏறத்தாழ எல்லாத் தரப்பினரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகிவிட்டது. 2009இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய ஜி-20 நாடுகள் திறனற்ற எரிபொருள் மானியங்களைப் படிப்படியாக ஒழிப்பதாக உறுதி கூறின. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுத் தீர்மானம் அந்த உறுதியை உலக நாடுகள் அனைத்துக்கும் உரியதாக்கியது. பன்னாட்டுச் செலாவணி நிதியம் 2022ஆம் ஆண்டுக்கான இம்மானியங்களை 7 லட்சம் கோடி டாலர் என மதிப்பிட்டது. அதில் நேரடியாகக் கைமாறியது சுமார் 1.3 லட்சம் கோடி டாலர்தான், எஞ்சியதில் பெரும்பகுதி சூழல் சேதத்துக்காக வசூலித்திருக்க வேண்டியும் வசூலிக்காமல் விட்ட தொகை என்பது அதன் கணக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் என்ற இந்த எதிர்பார்ப்பு இந்தியாவில் பெட்ரோல், டீசலோடு நிற்காமல் சமையல் எரிவாயு வரை இறங்கி வந்தது. ஏழை வீட்டுச் சிலிண்டருக்குத் தரும் மானியமும் விலையைப் பொய்யாக்குகிறது, ஆகவே அதுவும் ஒழிய வேண்டியதே என்று பொருளியல் அறிந்தோர் பலர் தயக்கமின்றி எழுதினர். வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூருக்கு மேலே உள்ள மலை ஊர்களில் இக்கருத்து முற்றிலும் தவறானது என்பதையும், அதைப் பின்பற்றியதால் சூழலுக்கு நன்மையும் விளையவில்லை, மக்களுக்குத் தீமையே விளைந்தது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோட்பாட்டை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வது முறை. ஒருவர் தம் தேவைக்காகச் செய்யும் செயலின் பாதிப்பு அச்செயலில் தொடர்பில்லாத பிறர் மீது விழுமானால் அதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். ஆலைப் புகையால் அடுத்த தெருவில் இருப்பவர் இருமுவது அதற்கு எடுத்துக்காட்டு. அந்தப் பாதிப்பின் மதிப்பை ஆலைக்காரர் கொடுக்கும் விலையில் சேர்த்துவிட்டால் அவர் புகையைத் தாமே குறைத்துக்கொள்வார் என்று ஆர்தர் பிகு 1920இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில் விளக்கினார். இன்றைய கரிம வரிக்கு அடிப்படை இதுவே. இதன்படி மாசு தரும் பொருளுக்கு வரி போட வேண்டிய அரசு மானியம் கொடுப்பது எதிர்த்திசையில் நடப்பதாகும். நகரத்தில் ஒருவர் காரில் போகிறார் என்றாலும், ஓர் அனல் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கிறது என்றாலும் இவ்வாதத்தில் குறை காண்பதற்கில்லை. பெட்ரோல் விலை ஏறினால் கார்க்காரர் பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறுவார், அந்த மாற்று முன்னதைவிடத் தூய்மையானது, அதற்கும் சந்தையில் ஒரு விலை உண்டு.

வாதம் முழுவதும் நிற்பது இந்தக் கடைசி வரியின் மேல்தான். ஒடுகத்தூர் மலையில் அந்த வரி பொருந்துவதில்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் வட அடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி ஒடுகத்தூர். அதற்கு மேலே உள்ள பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, புளி, தேன், கடுக்காய் சேகரித்து, ஆடு மாடு வளர்த்துப் பிழைப்பவர்கள். இவர்கள் வீட்டில் சிலிண்டர் விலை ஏறும்போது பேருந்துக்கு மாறுவது போன்ற ஒரு மாற்று கிடையாது. கேஸ் அடுப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகை வைப்பதுதான் அங்குள்ள ஒரே மாற்று. அந்த விறகுக்குச் சந்தை விலை கிடையாது. அதை எந்த அரசும் வரி போட்டு விலையேற்றவும் முடியாது. பெண்ணின் உழைப்பும் நேரமும் கொடுத்துப் பெறுவது அது. கூலி வேலை கிடைக்காத நாளில் அந்த நேரத்துக்கும் காசு மதிப்பு இல்லை. ஆகவே அதிக மாசு தரும் எரிபொருள் விலைக் கோட்பாட்டின் கைக்கு எட்டாமல் வெளியே நிற்க, குறைந்த மாசு தரும் எரிபொருளின் மீது மட்டும் கோட்பாடு தன் முழு வலிமையையும் காட்டுகிறது. இதன் விளைவு தூய்மையிலிருந்து புகைக்குத் திரும்புவதாகத்தான் இருக்க முடியும்.

பொருளியல் அறியாதவர்கள் வெளியிலிருந்து எழுப்பும் இரக்கக் குரலாக இதை ஒதுக்கிவிட இயலாது, ஏனெனில் இந்த மறுப்பு பொருளியலுக்குள்ளேயே எழுபது ஆண்டுகளாக இருக்கிறது. ரிச்சர்ட் லிப்சி, கெல்வின் லங்காஸ்டர் ஆகிய இருவரும் 1956இல் எழுதிய கட்டுரையில், ஒரு பொருளாதாரத்தில் திருத்தவே முடியாத ஒரு கோணல் இருக்குமானால், மற்ற கோணல்களை ஒவ்வொன்றாக நேராக்குவது நிலைமையை மேம்படுத்தும் என்று சொல்ல முடியாது, மோசமாக்கவும் கூடும் என்று நிறுவினர். இரண்டாம் சிறந்த நிலை பற்றிய கோட்பாடு என்று இது பெயர் பெற்றது. முதல் ஆண்டு பொருளியல் மாணவருக்கும் கற்பிக்கப்படும் இந்த முடிவை எரிவாயு மானியம் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துவிடுவது அறிவுத்துறைக்கு அழகன்று. விறகுப் புகைக்கு விலை வைக்க முடியாது என்பது திருத்த முடியாத கோணல். அது இருக்கும் வரையில் சிலிண்டருக்குத் தரும் மானியம் அந்தக் கோணலுக்கு ஈடு செய்யும் எதிர்க்கோணலாக நின்று, புகை மீதான வரி செய்திருக்க வேண்டிய வேலையை மறுபுறத்திலிருந்து செய்கிறது.

அளவுகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ எரிவாயுவில் சுமார் 46 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பாத்திரத்தைச் சேரும். காய்ந்த விறகில் கிலோவுக்கு 15 அல்லது 16 மெகாஜூல். கல்லடுப்பில் அதிலும் எட்டில் ஒரு பங்குதான் சோற்றுக்குப் போகிறது, மற்றது சுற்றுப்புறத்தையும் கூரையையும் சூடாக்குகிறது. இதன்படி ஒரு கிலோ எரிவாயு செய்யும் வேலைக்குச் சுமார் பதினான்கு கிலோ விறகு தேவை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று வீட்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு ஈடாகச் சுமார் 200 கிலோ விறகு வர வேண்டும் என்று பொருள். சும்மாடு கட்டி ஒரு பெண் தலையில் தூக்கி வரும் கட்டு இருபது கிலோ என்று கொண்டால், பத்து நடை காட்டுக்குள் போய்த் திரும்ப வேண்டும். சுள்ளியும் உண்ணிச்செடிக் கழியும் உடைத்து, கொடியால் இறுக்கிக் கட்டி, இறக்கத்தில் கால் வழுக்காமல் வந்து சேர்ந்தபின், அவற்றை ஊதி ஊதிப் பற்றவைத்து, புகை நிறைந்த அடுப்பங்கரையில் கேழ்வரகுக் களி கிண்ட வேண்டும். கூரையின் உட்புறமும் அதில் தொங்கும் விதைக்கதிர்களும் கரி படிந்து கறுத்திருப்பதைப் பார்த்தவருக்கு அந்தப் புகை நுரையீரலில் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து 2019ஐ ஒட்டி வெளியிட்ட மதிப்பீடுகளின்படி, 2017ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் புகையால் இந்தியாவில் ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் இறந்தனர். சிலிண்டர் ஒன்று எரிந்தால் வெளியாகும் கரியமிலவாயு 42 கிலோ அளவு. இந்த 42 கிலோவை மிச்சப்படுத்துவதற்காக அந்தப் பெண்ணை மறுபடி புகைக்குள் அனுப்பலாம் என்று சொல்லும் சூழல் கணக்கு சரியான கணக்காக இருக்க முடியாது.

மானியத்தை நீக்கினால் மக்கள் உண்மையிலேயே விறகுக்குத் திரும்புகிறார்களா என்று கேட்பவர்களுக்கு, அரசே நாடாளுமன்றத்தில் வைத்த எண்கள் விடை தருகின்றன. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது. இணைப்பு கிடைத்த வீடுகள் 2019-20இல் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 3.01 மட்டுமே. கொரோனா ஊரடங்கின்போது இவ்வீடுகளுக்கு மூன்று சிலிண்டர்கள் இலவசமாகத் தரப்பட்டன. அந்த 2020-21இல் சராசரி 4.39 ஆக உயர்ந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்ததைக் காரணம் காட்டிப் பெரும்பாலான இடங்களில் நேரடி மானியம் சூன்யமாக்கப்பட்டது. பின்னர் விலை மளமளவென்று ஏறியபோது மானியம் திரும்பி வரவில்லை. 2020 மே மாதம் சென்னையில் 569 ரூபாய் 50 காசாக இருந்த சிலிண்டர் 2022 மே மாதம் ஆயிரத்தைத் தாண்டியது. இலவசமும் இல்லை, மானியமும் இல்லை என்ற 2021-22இல் சராசரி 3.68க்கு இறங்கியது. 2022 மே மாதம் உஜ்வலா வீடுகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் அது 300 ஆக்கப்பட்டு, இடையில் விலையும் குறைக்கப்பட்ட பின்னர் எண்ணிக்கை மெல்ல ஏறி 2024-25இல் நான்கைத் தாண்டியது. விலை இறங்கினால் சிலிண்டர் வருகிறது, ஏறினால் நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் செய்தாலும் இதைவிடத் தெளிவான சோதனை அமையாது. ஓர் ஐந்து பேர் குடும்பம் விறகைத் தொடாமல் சமைக்க ஆண்டுக்கு எட்டு சிலிண்டராவது வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால், ஏறிய நிலையிலும் பாதி சமையல் விறகில்தான் நடக்கிறது.

இதில் மிகவும் வருந்தத்தக்க நிகழ்வு கிளாஸ்கோவில் நடந்தது. 2021 நவம்பரில் மாநாட்டின் கடைசி நேர விவாதத்தில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, மானியங்களை ஒழிக்கும்படி வளரும் நாடுகளிடம் கேட்பது நியாயமில்லை என்று வாதிட்டு, அதற்குச் சான்றாக ஏழை வீடுகளுக்கு இந்தியா தரும் எரிவாயு மானியத்தையே எடுத்துக்காட்டினார். அது விறகு எரிப்பதை ஏறத்தாழ ஒழித்து, வீட்டுக்குள் காற்றைத் தூய்மையாக்கியது என்றார். அவருடைய வாதம் சரியானது. உலக அரங்கில் அதைச் சொன்னதும் தேவையானது. ஆனால் அவர் பேசிய அந்த நாளில் நாட்டின் பெரும்பாலான வீடுகளின் வங்கிக் கணக்கில் அந்த மானியம் விழுந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டிருந்தது. வெளிநாட்டில் காத்த கொள்கையை உள்நாட்டில் கைவிட்டது, மானிய ஒழிப்புக் கருத்து நிதியமைச்சகங்களுக்குள் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதையே காட்டுகிறது.

மானிய ஒழிப்பாளர்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும் வாதிடுவதுண்டு. மலைமக்கள் விறகு வெட்டுவதால்தான் காடு அழிகிறது, ஆகவே விறகு எடுப்பதைத் தடுத்தால் போதும், எரிவாயுவுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது அவ்வாதம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்கர் 1975இல் எழுதிய அறிக்கை விறகுப் பஞ்சத்தை மற்றோர் எரிசக்தி நெருக்கடி என்று வருணித்தது. அதைத் தொடர்ந்து, ஏழை நாட்டுப் பெண்கள் சமைப்பதற்காகக் காட்டை வெட்டித் தீர்க்கிறார்கள் என்ற எண்ணம் உலக வங்கி வரை பரவியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி தலைமையிலான குழு கர்நாடகக் கிராமங்களுக்குள் சென்று அளந்து பார்த்தபோது கண்டது வேறு: கிராமத்தார் எரித்தது பெரும்பாலும் பொறுக்கிய சுள்ளி, மரத்தை அடியோடு வெட்டிக் கட்டையாக்கி லாரியில் ஏற்றியது நகரத்தின் விறகுத் தேவைக்காக. 2015இல் ராபர்ட் பெய்லிஸ் குழுவினர் உலகம் முழுமைக்கும் செய்த கணக்கிலும், எடுக்கப்படும் விறகில் 27 முதல் 34 விழுக்காடுதான் மீண்டும் வளரும் அளவை மிஞ்சியது என்று தெரிந்தது.

ஜவ்வாது மலைக்கும் இந்தப் பழி பொருந்தாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் ஓடத் தொடங்கி, பின்னர் ஜோலார்பேட்டை வழியாக மேற்கே நீண்ட சென்னை ரயில்வே தன் தொடக்க காலத்தில் எஞ்சினுக்கு விறகையும் தண்டவாளத்துக்கு மரக்கட்டையையும் பாதை நெடுகிலும் இருந்த காடுகளிலிருந்தே பெற்றது. இந்த மலையின் சந்தன மரம் அரசுக் கிடங்குக்கும் கடத்தல்காரர் கைக்கும் போனது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருப்பதே அந்த வணிகத்தின் அளவைச் சொல்லும். மரம் வெட்டும் கைகளுக்கு மலையில் கூலி இல்லாமல் போனபோது தரகர்கள் அவற்றை ஆந்திரத்தின் செம்மரக் காட்டுக்கு அழைத்துச் சென்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரில் இந்த மலைத்தொடரைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். காட்டை விலைப்பொருளாக்கிய ஒவ்வொரு சந்தையும் விட்டுச்சென்ற பழியைக் களி கிண்டுவதற்காகச் சுள்ளி பொறுக்கும் பெண்ணின் தலையில் ஏற்றுவது அநீதி. அதிலும் சுள்ளி, வேர்க்கட்டை ஆகியவற்றைச் சிறு வனப்பொருளாகச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவளுக்கு அளித்திருக்கிறது. விறகைத் தடை செய்வதால் எரிவாயு வாங்கக் காசு வராது. உலை ஏறுவது மட்டும் தாமதமாகும்.

விறகால்தான் காடு அழிகிறது என்ற இதே தவறான எண்ணம் கரிமச் சந்தையில் லாபமாகவும் மாறியிருக்கிறது. தூய அடுப்பு கொடுத்ததால் மிச்சமான கரிமத்தை வரவுச் சான்றாக்கி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பது இச்சந்தையின் முறை. அரசு மானியத்துக்குப் பதிலாக இதுவே ஏழைகளின் அடுப்புக்கு நிதி தரும் என்று பலர் நம்பிக்கை ஊட்டினர். விறகு முழுவதும் காட்டழிவிலிருந்தே வருகிறது என்று மிகைப்படுத்தினால் சான்றுகளின் எண்ணிக்கை பெருகும். அடுப்பைப் பெற்றவர் விறகை முற்றிலும் விட்டுவிட்டார் என்று எழுதினால் இன்னும் பெருகும். அன்னலீஸ் கில்-வீல், டேனியல் காமன், பார்பரா ஹயா ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அடுப்புத் திட்டங்கள் உண்மையில் மிச்சப்படுத்தியதைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு சான்றுகளை வழங்கியிருப்பதாகக் கண்டது. அந்தச் சான்றை வாங்கிய நிறுவனம் அதைக் காட்டித் தன் புகைபோக்கியைத் தொடர்ந்து புகைய விடுகிறது. மலையில் அடுப்பும் எரியாமல் நகரத்தில் புகையும் குறையாமல் நடக்கும் இந்த வியாபாரத்தை மானியத்துக்கு மாற்றாக முன்வைப்பது ஏற்கத்தக்கதன்று.

பழக்கத்தின் மீது பழி போடுவோரும் உண்டு. மலைக்காரருக்கு விறகுச் சோறுதான் ருசி, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கேஸைத் தொடமாட்டார்கள் என்பார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளோடு சேர்த்து மொத்தம் 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்திய சோதனை இதற்கு நேரடி விடை. ஒரு பிரிவினருக்கு அடுப்பும் பதினெட்டு மாத எரிவாயுவும் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. அவர்கள் ஏறத்தாழ முழுவதுமாக விறகை விட்டனர், விறகில் சமைத்த மற்றப் பிரிவினர் சுவாசித்த நுண்துகளின் அளவு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்கு அருகில் இருக்க, இவர்களுக்கு அது 24 ஆக இருந்தது. அதே சோதனையில் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதை எரிவாயு எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டுவர். அந்த முடிவை மறைக்க வேண்டியதில்லை. கர்ப்பகாலத்தின் இடையில் வந்த தூய காற்று ஓர் ஆயுளின் புகையைத் துடைத்துவிடும் என்று எதிர்பார்த்ததே மிகை. ஆனால் பழக்கம் பற்றிய வாதத்தை அது அடியோடு சாய்த்துவிட்டது: எரிவாயு வாசலுக்கு வந்தால், காசு கேட்காமல் வந்தால், பெண்கள் விறகை விடுகிறார்கள்.

வாசலுக்கு வருவதும் காசு கேட்பதும்தான் மலையின் உண்மையான தடைகள். இங்கு மானியத்தின் வடிவத்தைக் குறைகூறுவோர் சொல்வதில் பெரும்பகுதி நியாயம். 2015க்கு முன் எல்லாருக்கும் ஒரே மானியம் என்றிருந்த காலத்தில் அதன் பெரும்பங்கை நகர்ப்புற வசதியுள்ள வீடுகள் அனுபவித்தன, வீட்டுச் சிலிண்டர் உணவகங்களுக்கும் போனது. அதைத் திருத்த வந்த நேரடிப் பணப் பரிமாற்றமோ முழு விலையையும் முதலில் கொடு, மானியத்தைப் பிறகு வங்கியில் பெற்றுக்கொள் என்றது. 2023 மார்ச்சில் சென்னை விலை 1,118 ரூபாய் 50 காசு. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 281 ரூபாய். நான்கு நாள் கூலியை மொத்தமாக ஒரே கையில் வைத்திருந்தால்தான் சிலிண்டரைத் தொட முடியும். மலையில் பணம் மாதாமாதம் வருவதில்லை. சாமை அறுவடை முடிந்தால் வரும், புளி உலுக்கினால் வரும், வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் சந்தையில் ஒரு கிடாவை விற்றால் வரும். அந்தக் கிடா விற்ற காசுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவம், கடன் வட்டி என்று முன்வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். பாதையோ இன்னொரு தடை. 2023 மே மாதம் இதே மலைப்பகுதியின் அல்லேரி மலைக்கிராமத்தில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்துபோன செய்தியைத் தமிழ்நாடே படித்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத வழியில் சிலிண்டர் வண்டி எப்படி ஏறும்? வண்டி வராத ஊருக்கு இரண்டு சக்கர வாகனத்திலோ தலைச்சுமையிலோ ஏற்றிப்போகும் செலவு எந்த மானியக் கணக்கிலும் இல்லை. இவையெல்லாம் மானியத்தைச் சீராக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்: மானியத்தைக் கழித்த விலையிலேயே முகமையில் சிலிண்டரைக் கொடுக்க வேண்டும், 5 கிலோ சிலிண்டரைக் கூட்டுறவுச் சங்கத்திலும் நியாயவிலைக் கடையிலும் மலை மேலேயே இருப்பு வைக்க வேண்டும், ஏற்றுகூலியை அரசு ஏற்க வேண்டும். இவற்றிலிருந்து மானியமே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவதற்கு வழியில்லை.

கடைசியாக எஞ்சுவது கருவூலம் தாங்காது என்ற வாதம். 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒரே கூட்டத்தில் எரிவாயு பற்றி இரண்டு முடிவுகளை எடுத்தது. உஜ்வலா வீடுகளுக்கு அந்த நிதியாண்டில் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் தர 12,000 கோடி ஒதுக்கியது. ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு என்றிருந்த வரம்பு ஒன்பதாகக் குறைந்தது. எரிவாயுவைக் குறைந்த விலைக்கு விற்றதால் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 30,000 கோடி ஒதுக்கியது. 2022 அக்டோபரிலும் இதே காரணத்துக்காக 22,000 கோடி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இழப்பு எல்லா வீட்டுச் சிலிண்டர்களிலும் சேர்ந்து வந்தது. சென்னையின் அடுக்குமாடி வீடு ஆண்டுக்கு வாங்கும் பத்து சிலிண்டருக்கு அதில் பெரிய பங்கு, ஜார்தான்கொல்லை வீடு வாங்கும் மூன்று சிலிண்டருக்குச் சிறிய பங்கு. மானியம் ஒழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காலம் முழுவதும் அது நிறுவனங்களின் கணக்கு வழியாக வசதியுள்ளவர்களுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. அந்த 30,000 கோடியை 10.33 கோடி உஜ்வலா வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 2,900 ரூபாய் வரும். 300 ரூபாய் மானியம் போக வீட்டார் கையிலிருந்து கொடுக்கும் தொகையை ஐந்து சிலிண்டருக்கு அது முழுவதுமாக ஈடுகட்டும். ஏற்கெனவே வாங்கும் நான்கு சிலிண்டரோடு இந்த ஐந்தும் சேர்ந்தால் எண்ணிக்கை ஒன்பதாகிறது, அதாவது அந்த அமைச்சரவையே வகுத்த வரம்பையும், ஒரு குடும்பம் விறகில்லாமல் ஆண்டு முழுவதும் சமைக்கத் தேவையான அளவையும் எட்டிவிடுகிறது.